கர்ப்ப காலத்தில் தாழ் ரத்த அழுத்தமும் நீரிழப்பும்: தீராத ஒரு மருத்துவ விவாதம்

நான்காம் மாதப் பரிசோதனைக்கு வரும் பெண்ணின் அட்டையில் 90/60 என்று எழுதப்படுகிறது. எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, சில நேரம் கண் இருட்டல், நாக்கு வறட்சி என்று அவர் சொல்கிறார். ‘பிரஷர் லோவா இருக்கு, தண்ணி நிறைய குடிங்க’ என்ற பதில் அநேகமாக எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும். சில இடங்களில் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றி அனுப்புவார்கள். எளிமையாகத் தோன்றும் இந்தப் பதில் மூன்று அனுமானங்களின் மேல் நிற்கிறது. அந்த அழுத்தம் தாழக் கூடாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்பது ஒன்று. உடலில் நீர் குறைந்ததே அதற்குக் காரணம் என்பது இரண்டாவது. நீரைக் கொடுத்து அழுத்தத்தை ஏற்றினால் தாய்க்கும் சேய்க்கும் நன்மை என்பது மூன்றாவது. மூன்றுமே பல பத்தாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருபவை. மூன்றுக்கும் கிடைத்திருக்கும் சான்றுகள் ஒரே தரத்தவை அல்ல.

அழுத்தம் ஏன் இறங்குகிறது?

கருவுற்ற ஐந்தாறு வாரங்களிலேயே தாயின் ரத்தக் குழாய்கள் தளரத் தொடங்குகின்றன. குழாய்களின் தடை குறைந்தால் அழுத்தம் இறங்கும். அதை ஈடுகட்ட இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுதலான ரத்தத்தை வெளியேற்றுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் பிரசவம் நெருங்குவதற்குள் 40 முதல் 50 விழுக்காடு, அதாவது ஒரு லிட்டருக்கும் மேல், கூடிவிடுகிறது. ஆக, கர்ப்பிணியின் உடலில் ஓடும் ரத்தம் அதிகம், அழுத்தம் மட்டும் குறைவு. ‘லோ பிரஷர் என்றால் நீர் போதவில்லை’ என்ற கணக்கு முதல் சிக்கலைச் சந்திப்பது இங்கேதான்.

இவற்றில் எது முதலில் நடக்கிறது என்பதில் இரு தரப்புகள் இருந்தன. ஹார்மோன்களின் தூண்டுதலால் உடல் முதலில் உப்பையும் நீரையும் சேர்த்துக்கொள்கிறது, மற்றவை அதன் விளைவுகள் என்றது ஒரு தரப்பு. குழாய்கள் முதலில் விரிகின்றன, விரிந்த குழாய்களுக்குள் இருக்கும் ரத்தம் போதவில்லை என்று உணரும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது என்றது மற்றது. அமெரிக்கச் சிறுநீரகவியலாளர் ராபர்ட் ஷ்ரையர் 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்த இரண்டாம் விளக்கத்தை வலியுறுத்தினார். பபூன் குரங்குகளில் நடந்த ஆய்வுகளும் குழாய் விரிவே முந்துவதாகக் காட்டியதால் இன்று பெரும்பாலோர் இந்தப் பக்கமே சாய்கிறார்கள். குழாய்கள் ஏன் விரிகின்றன என்பதற்கு ரிலாக்ஸின், நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் எனப் பல காரணிகள் சொல்லப்படுகின்றன. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது மனிதர்களில் இன்னும் வரையறுக்கப்படவில்லை.

1973-ல் டாலஸ் நகரில் நார்மன் கான்ட் குழுவினர் செய்த ஆய்வு இந்த விவாதத்தில் முக்கியமானது. அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைக் கர்ப்பிணிகளுக்குச் செலுத்தி, எந்த அளவில் அழுத்தம் உயர்கிறது என்று பார்த்தார்கள். இயல்பாகச் சென்ற கர்ப்பங்களில் அதற்குக் கூடுதல் அளவு தேவைப்பட்டது; குழாய்கள் எளிதில் மசியவில்லை. பின்னாளில் கர்ப்பகால மிகை அழுத்தத்துக்கு ஆளானவர்களிடம் இந்த எதிர்ப்பு, நோய் வெளிப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே தேய்ந்திருந்தது. அப்படிப் பார்த்தால் நடுக்கர்ப்பத்தில் அழுத்தம் தாழ்ந்திருப்பது உடல் கர்ப்பத்துக்குச் சரியாகப் பழகிக்கொண்டதன் அடையாளம்.

தாகமும் இதே போல மாறுகிறது. ரத்தத்தின் கரைபொருள் செறிவு கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 10 மில்லி ஆஸ்மால் குறைகிறது. சோடியம் லிட்டருக்கு 4, 5 மில்லி மோல் இறங்குகிறது. தாகத்தைத் தூண்டும் வரம்பும் கூடவே இறங்கிவிடுவதை ஜான் டேவிசன், மார்ஷல் லிண்ட்ஹைமர் குழுவினர் 1980களில் நிறுவினர். மற்றவர்களுக்குத் தாகமே எடுக்காத அளவுக்கு ரத்தம் நீர்த்திருக்கும்போதும் கர்ப்பிணிக்குத் தாகம் எடுக்கும். அவருடைய தாகத்தை உடல் வறண்டதன் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வக அறிக்கையில் சோடியம் சற்றுக் குறைவாகத் தெரிவதும் அப்படியே.

எவ்வளவு இறங்கும்? பாடநூல்கள் கீழ் அழுத்தம் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்கும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. பிரிட்டனில் சுமார் ஆயிரம் பெண்களைத் தொடர்ந்து அளந்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட முடிவு இதற்கு ஒத்துவரவில்லை. 12-ஆம் வாரத்துக்கும் 19-ஆம் வாரத்துக்கும் இடையே சராசரி இறக்கம் ஓரிரு மி.மீ.தான். 12-ஆம் வாரத்துக்கு முன்பே இறக்கத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கலாம் என்பதால் இந்த ஆய்வு பழைய கூற்றை முழுதாக மறுத்துவிடவில்லை. ஆனாலும் 90/60 என்ற கோடு வழக்கத்தால் நிலைத்தது, இன்ன அளவுக்குக் கீழே போனால் இன்ன தீங்கு என்று அளந்து வகுத்ததல்ல. தமிழ்நாட்டில் கூலி வேலை செய்யும் ஒல்லியான ஒரு பெண்ணுக்கு 90 என்பது திருமணத்துக்கு முன்பிருந்தே அவருடைய இயல்பான மேல் அழுத்தமாக இருக்கக்கூடும். கர்ப்பத்துக்கு முந்தைய அளவு எந்த அட்டையிலும் பதிவாகாததால் அதை அறிய வழியில்லை.

ஒரே எண், இரு மருத்துவ மரபுகள்

தாழ் அழுத்தம் நோயா என்ற கேள்விக்கு ஐரோப்பாவுக்குள்ளேயே இரு விடைகள் இருந்தன. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் அது சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கருதப்பட்டது. அழுத்தத்தை ஏற்றும் எடிலெஃப்ரின் போன்ற மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே அழுத்தம் நீண்ட ஆயுளுக்கு நல்லது என்று வரவேற்கப்பட்டது. லின் பேயர் 1988-ல் எழுதிய ‘மெடிசின் அண்ட் கல்ச்சர்’ நூல் இந்த வேறுபாட்டை விரிவாகப் பேசுகிறது. கர்ப்பிணிகளின் தாழ் அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் குழந்தையின் நிலை மேம்படுகிறது என்று வியன்னா மருத்துவர்கள் 1979-ல் எழுதினார்கள். அந்தக் கூற்று பெரிய ஆய்வுகளால் உறுதிப்படவில்லை, சிகிச்சையும் பரவவில்லை. இந்திய மருத்துவக் கல்வி பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்தது. ஆனால் நம் நடைமுறை, ட்ரிப்ஸ் பாட்டிலோடு, ஜெர்மன் மரபுக்கே நெருக்கமாக இருக்கிறது.

குழந்தையின் எடை

விவாதம் உண்மையில் கூர்மையடைந்த இடம் இது. இமானுவேல் ஃப்ரீட்மனும் ரேமண்ட் நெஃப்பும் 1970களில், அமெரிக்காவின் மாபெரும் கூட்டுப் பேறுகால ஆய்வின் பதிவுகளை வைத்து, மிகை அழுத்தத்தைப் போலவே தாழ் அழுத்தத்திலும் குழந்தைக்கு ஆபத்து கூடுவதாகக் காட்டினர். 2004-ல் லண்டனின் ஃபிலிப் ஸ்டீர் குழுவினர் முதல் பிரசவங்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, தாயின் கீழ் அழுத்தம் நடுவாக இருக்கும்போதே குழந்தையின் எடை உச்சத்தில் இருப்பதையும் இரு முனைகளிலும் எடை குறைவதையும் கண்டனர். ஆஸ்திரேலியாவின் ஜேன் வார்லண்ட் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், கடைசி மூன்று மாதங்களில் வயிற்றிலேயே இறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் தாழ்ந்த கீழ் அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது.

இதற்கு எதிராக வைக்கப்படும் முதன்மையான வாதம் 2001-ல் ஜுன் ஜாங், மார்க் கிளெபனாஃப் இருவரும் எழுதிய கட்டுரை. அவர்கள் எடுத்ததும் அதே அமெரிக்கக் கூட்டு ஆய்வின் பதிவுகளையே. அழுத்தம் தாழ்ந்திருந்த பெண்கள் யார் என்று பார்த்தார்கள்: வயது குறைந்தவர்கள், உயரமும் எடையும் குறைந்தவர்கள், ஏழைகள், கர்ப்பத்தில் எடை போதிய அளவு கூடாதவர்கள். இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் தாழ் அழுத்தத்துக்கும் குழந்தைக்கு நேர்ந்த பாதிப்புகளுக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. குழந்தையைப் பாதித்தது அழுத்தம் அல்ல, தாயின் உடல்வாகும் வறுமையும்தான் என்பது அவர்கள் முடிவு.

வலுவான மறுப்புதான், ஆனால் அதிலும் ஒரு பலவீனம் உண்டு. எடை கூடாமை, தாழ் அழுத்தம், சிறிய குழந்தை மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருக்கும் பட்சத்தில், ஒரு கண்ணியைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் மற்ற இரண்டின் தொடர்பும் மறையத்தான் செய்யும். இந்த ஐயத்துக்கு ஆதாரம் பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. 1960களில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஃபிராங்க் ஹிட்டன், பிளாஸ்மா எவ்வளவு கூடுகிறதோ அதற்கேற்பக் குழந்தையின் எடை அமைவதைக் கவனித்தார். 1992-ல் சிலி நாட்டின் பெட்ரோ ரோஸ்ஸோ குழுவினர், எடை குறைந்த கர்ப்பிணிகளிடம் பிளாஸ்மாவும் இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைவாக இருப்பதையும், குழந்தைகள் சிறியவையாகப் பிறப்பதையும் காட்டினர். தாழ் அழுத்தத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. குழாய் நன்றாக விரிந்து, ரத்தமும் நன்றாகப் பெருகி அழுத்தம் தாழ்ந்திருப்பது ஒன்று. ரத்தமே போதிய அளவு பெருகாமல் தாழ்ந்திருப்பது வேறொன்று. கைப்பட்டையைச் சுற்றி அளக்கும்போது இரண்டும் 90/60 என்றே காட்டும். மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எவையும் இரண்டையும் பிரிக்கவில்லை.

இந்தியாவுக்கு இது தலையாய கேள்வி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தலைசுற்றலும் களைப்பும் ரத்தசோகையிலும் வரும். ‘லோ பிரஷர்’ என்று எழுதி அனுப்பப்படும் பலருக்குத் தேவை இரும்புச்சத்து.

படுப்பதும் நிற்பதும்

தாழ் அழுத்தத்தின் ஒரு வகையில் மட்டும் ஏறத்தாழ ஒருமித்த கருத்து உண்டு. 1953-ல் ஹோவர்ட், குட்சன், மெங்கர்ட் மூவரும், நிறைமாதத்தில் மல்லாந்து படுக்கும் சிலருக்கு அழுத்தம் சடாரென்று சரிந்து, வியர்த்து, மயக்கம் வருவதை விவரித்தனர். பெருத்த கருப்பை, முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருஞ்சிரையை அழுத்துகிறது; கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தடைபடுகிறது. இடப்பக்கம் திரும்பினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

எவ்வளவு சாய்த்தால் போதும் என்பதில்தான் கருத்து மாறியது. அறுவை அரங்குகளில் 15 பாகை சாய்வு நெடுநாள் வழக்கம். ஜப்பானின் ஹிடேயுகி ஹிகுச்சி குழுவினர் 2015-ல் எம்.ஆர்.ஐ. கொண்டு அந்தச் சிரைக்குள் இருக்கும் ரத்தத்தை அளந்தார்கள். கர்ப்பமில்லாத பெண்களிடம் சராசரியாக 17.5 மி.லி.; நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தவர்களிடம் 3.2 மி.லி. 15 பாகை சாய்த்தும் அதில் மாற்றமில்லை. 30 பாகையில்தான் சிரை ஓரளவு திறந்தது. உறக்கத்தைப் பற்றிய விவாதத்தில் சான்றுகள் இன்னும் உறுதி குறைந்தவை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-ல் வந்த பகுப்பாய்வு, 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து உறங்கச் செல்பவர்களுக்குக் குழந்தை வயிற்றில் இறக்கும் வாய்ப்பு 2.63 மடங்கு என்று மதிப்பிட்டது. இழப்புக்குப் பிறகு நினைவிலிருந்து சொன்ன விவரங்களே அவற்றில் மிகுதி. அதே ஆண்டு, முன்கூட்டியே கேட்டுப் பதிவுசெய்த அமெரிக்க ஆய்வு 30 வாரங்கள் வரை அத்தகைய தொடர்பைக் காணவில்லை. ஆபத்து கூடுவதாகச் சொல்லப்படும் வாரங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை.

நிற்பதன் விளைவு இதைவிடக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும், தளர்ந்த சிரைகளில் இன்னும் கூடுதலாகத் தேங்கும். துணிக்கடையில் காலை முதல் இரவு வரை உட்கார முடியாமல் நிற்கும் கர்ப்பிணியின் மயக்கத்துக்கு நீர் குறைந்ததைவிட நின்ற நேரமே முதற்காரணமாக இருக்கலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. உழைப்பவர் உரிமை என்று கொண்டுவரப்பட்ட இந்தத் திருத்தம் தாய்மை மருத்துவத்துக்கும் உரியது.

நீர் எந்த அளவுக்கு மருந்து?

நீர் செலுத்தினால் கர்ப்பிணியின் அழுத்தம் தாழாமல் நிற்குமா என்பதற்கு ஒரு நேரடிச் சோதனைக்களம் இருக்கிறது. முதுகுத்தண்டில் மருந்து செலுத்திச் செய்யும் சிசேரியனில் குழாய்கள் திடீரெனத் தளர்ந்து அழுத்தம் வீழும். முன்கூட்டியே சிரை வழியாக நீர் ஏற்றிவிட்டால் அதைத் தடுக்கலாம் என்று நம்பப்பட்டது. டர்பன் நகரில் 1993-ல் செய்த ஒப்பீட்டில், நீர் ஏற்றாதவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் ஏற்றியவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் வீழ்ந்தது. பயன் இருக்கிறது, நம்பிய அளவுக்கு இல்லை. இன்று இத்தகைய சிசேரியனில் முதன்மையான மருந்து குழாயைச் சுருக்கும் ஃபெனைலெஃப்ரின். தளர்வால் வரும் தாழ்வுக்கு நீர் அரைகுறை விடை என்பதை இது காட்டுகிறது.

வறட்சியால் கருப்பை இறுகும், நீர் கொடுத்தால் குறைப்பிரசவ வலி அடங்கும் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு இதற்குத் தகுதியான சோதனைகள் இரண்டை, 228 பெண்களை மட்டுமே, கண்டது; பயன் தெரியவில்லை. பனிக்குட நீர் குறித்த சான்று சற்று மேல். இரண்டு லிட்டர் வரை நீர் குடித்தவர்களிடம் சில மணி நேரத்தில் பனிக்குட நீரின் அளவு கூடியதை 1990களின் சிறிய ஆய்வுகள் காட்டின. அதனால் குழந்தைக்குக் கிடைத்த நன்மை என்ன என்பதை அவை அளக்கவில்லை.

நாளொன்றுக்கு எவ்வளவு என்பதிலும் ஒருமிப்பு இல்லை. உணவிலுள்ள நீரையும் சேர்த்து அமெரிக்கப் பரிந்துரை 3 லிட்டர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொன்னது 2.3 லிட்டர். இரண்டும் பெரும்பாலும் மக்கள் குடிக்கும் அளவின் சராசரியிலிருந்து எடுக்கப்பட்டவை; மே மாத வேலூர் வெயிலை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

உப்பின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். வீக்கத்துக்கும் மிகை அழுத்தத்துக்கும் பயந்து கர்ப்பிணிகளின் உப்பைக் குறைப்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழக்கமாக இருந்தது. மார்கரெட் ராபின்சன் 1958-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து, உப்பைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு மிகை அழுத்த நோய் குறைவு என்று எழுதினார். அவரது ஆய்வுமுறை இன்றைய அளவுகோலில் தேறாது. ஆனால் உப்பைக் குறைப்பதால் பயனில்லை என்பதைப் பிந்தைய திறனாய்வுகளும் ஏற்றுக்கொண்டன. உப்பில்லாமல் வெறும் நீரைக் குடித்தால் அதில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இந்த வகையில் வெறும் தண்ணீரைவிட நியாயமான தேர்வு, மிகை அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இல்லாதவர்களுக்கு.

மசக்கையும் குளுக்கோஸ் பாட்டிலும்

நீரிழப்பு ஐயத்துக்கு இடமின்றி நோயாக நிற்பது கடும் மசக்கையில். குடித்த தண்ணீரும் தங்காமல், எடை குறைந்து, சிறுநீர் சுருங்கும் நிலை அது. மனப்பிரச்சினை என்று தள்ளிவைக்கப்பட்ட நீண்ட வரலாறு இந்நோய்க்கு உண்டு. 2023 டிசம்பரில் மார்லினா ஃபெஸோ, ஸ்டீபன் ஒராஹிலி குழுவினர், இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வில், கருவிலிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைக் காரணமாகக் காட்டினர். கர்ப்பத்துக்கு முன் அது உடலில் குறைவாக இருந்தவர்களுக்கே வாந்தி கடுமையாகிறது. தலசீமியா உள்ள பெண்களுக்கு அது எப்போதுமே மிகுந்திருக்கும். அவர்களிடம் மசக்கை அரிது.

இங்கே நீர் உயிர் காக்கும் மருந்து. எந்த நீர் என்பது அதே அளவுக்கு முக்கியம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் பொட்டாசியம் சேர்த்த உப்புக்கரைசலைப் பரிந்துரைக்கிறது. வாரக்கணக்கில் வாந்தியெடுத்தவரின் உடலில் தயாமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயாமினும் செலவாகி, வெர்னிக்கி எனப்படும் மூளைப் பாதிப்பு வரலாம். பார்வை ஆடுதல், நடை தள்ளாடுதல், குழப்பம் என்று தொடங்கும் அது சிலரிடம் நிலையான ஊனமாகிறது. முதலில் தயாமின், பிறகே குளுக்கோஸ் என்ற இந்த வரிசையில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டால் தெம்பு வரும்’ என்ற நம்பிக்கை நம் ஊர்களில் எவ்வளவு ஆழமோ, இந்த எச்சரிக்கையும் அவ்வளவு உரக்கச் சொல்லப்பட வேண்டும். சிறுநீரில் கீட்டோன் தெரிந்தாலே கடும் நீரிழப்பு என்று கொள்ளும் வழக்கத்தையும் அதே கழகம் 2024-ல் கைவிடச் சொன்னது.

எண் இயல்பாக இருக்கும்போது

இதுவரை தாழ்ந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டுமா என்று பார்த்தோம். எதிர்த்திசை ஆபத்து இதைவிடப் பெரிது. கூடுதல் ரத்தத்தோடு இருக்கும் கர்ப்பிணி, கணிசமாக ரத்தமோ நீரோ இழந்த பின்னும் அழுத்தத்தைத் தக்கவைத்திருப்பார். முதலில் விரைவது நாடி. அழுத்தம் சரிவது கடைசியில். அதனால்தான் நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் முறை மகப்பேற்றில் பரவுகிறது. ஈவு 0.9-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. நாடி 76, அழுத்தம் 90/60 என்றிருக்கும் பெண்ணைவிட, நாடி 120, அழுத்தம் 110/70 என்றிருப்பவரே அவசரமானவர். தொடக்க மாதங்களில் அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்தால் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். அவரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

வெயில்

இந்த ஆய்வுகளில் உள்ள பெரும் இடைவெளி வெப்பம். காம்பியாவில் வயலில் உழைக்கும் 92 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து அனா பொனெல் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், வெப்பச்சுமை ஒவ்வொரு பாகை கூடும்போதும் கருவின் இதயத்துடிப்பு முதலியவற்றில் திணறல் தெரியும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடியது. தமிழ்நாட்டில் வித்யா வேணுகோபால் குழுவினர் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, வெப்பம் மிகுந்த இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பதாக 2024-ல் எழுதினர். தோலுக்கு ரத்தம் திரும்புவதால் கருப்பைக்குக் குறைகிறதா, வியர்வையால் ரத்தம் சுருங்குகிறதா, வெப்பமே நேராகத் தாக்குகிறதா என்பது தெளிவாகவில்லை.

உப்பளத்திலோ செங்கல் சூளையிலோ வேலை செய்யும் பெண்ணிடம் தண்ணீர் குடிக்கச் சொல்வதில் ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. விடியும் முன் வந்து பாத்தியில் இறங்குபவருக்கு மறைவான இடமோ கழிப்பறையோ இல்லை. அதனால் அவர் தெரிந்தே தாகத்தை அடக்குகிறார், சிறுநீரையும் அடக்குகிறார். சிறுநீர்த் தொற்று பிறகு வருகிறது. கர்ப்பத்தில் அது குறைப்பிரசவத்துக்கும் வழிவிடும். பணியிடக் கழிப்பறை இல்லாமையும் வெப்பமும் சேர்ந்து பெண்களின் உடல்நலத்தைக் கெடுப்பதை வேணுகோபால் குழுவின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு முன்பே பதிவுசெய்திருக்கிறது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

அறிகுறி ஏதுமின்றி, நாடி சீராக, குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும்போது தாழ்ந்த அழுத்தத்துக்கு மருந்தோ ட்ரிப்ஸோ தேவை என்பதற்கு இதுவரை நம்பத்தக்க சான்று இல்லை. நீரிழப்பு தெளிவாக இருக்கும்போது, வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் வெப்பத்திலும், திரவமும் உப்பும் தர வேண்டும் என்பதில் ஐயமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றியே கேள்வி மிஞ்சுகிறது: எடை குறைந்தவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், வெயிலில் நின்று உழைப்பவர்கள். அவர்களில் யாருடைய தாழ் அழுத்தம் ரத்தம் பெருகாததன் அடையாளம் என்று பிரித்தறிய எளிய வழி இன்னும் இல்லை. பிளாஸ்மாவை அளப்பது ஆய்வகங்களுக்கு வெளியே நடைமுறைக்கு வராது. படுத்தும் நின்றும் எடுத்த அழுத்தம், நாடி, வயிற்றின் வளர்ச்சி, எடை ஏற்றம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வேறுபாடு தெரியுமா என்பதை வெப்பநாடுகளில் யாராவது முறையாகச் சோதித்தாக வேண்டும். நிழல், உப்புச் சேர்த்த பானம், ஓய்வு, கழிப்பறை நான்கையும் பணியிடத்தில் கொடுத்து, குழந்தையின் எடை மாறுகிறதா என்று பார்க்கும் ஒப்பீட்டு ஆய்வும் தேவை. அதற்கு வேண்டிய ரத்த அழுத்தக் கருவியும் எடை பார்க்கும் கருவியும் அளவு நாடாவும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏற்கெனவே இருக்கின்றன.